தீபாவளிக்குள் தார் போட்டுவிடுங்கள் என்று மனு கொடுக்கலாமா? வேலூரில் தோண்டிய தெருவும் வரப்போகும் மழையும்

சத்துவாச்சாரியில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். பாதாள சாக்கடைக்காக ஆகஸ்டில் தெருவைத் தோண்டினார்கள். குழாயைப் பதித்து, மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். புரட்டாசி முடியப் போகிறது. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. காட்பாடியில் இருக்கும் வேலைக்கு அரை மணியில் போய்ச் சேர்ந்தவருக்கு இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது. மேஸ்திரியைக் கேட்டால் "தீபாவளிக்குள்ள தார் போட்டுடுவோம் சார்" என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவரோ குளிர் வந்துவிட்டால் தார் ஒட்டாது, இனி பங்குனிதான் என்கிறார். தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மாநகராட்சிக்கு மனு கொடுத்து வேலையை விரைவுபடுத்தலாமா என்பது கேள்வி.

கேள்வி தாரைப் பற்றியது போல இருக்கிறது. உண்மையில் இது தாருக்கு அடியில் கிடக்கும் மண்ணைப் பற்றியது. மனு கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். ஆனால் அதில் "தீபாவளிக்குள் தார்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் நீங்கள் கேட்டதையே கொடுத்துவிடுவார்கள், கார்த்திகை முடிவதற்குள் அந்தத் தார் குழிக்குள் இறங்கிவிடும். இப்போது அவசரமாகக் கேட்க வேண்டியது பள்ளத்தை ஒழுங்காக இறுக்கி, மேலே ஜல்லிக் கலவை போட்டு, தண்ணீர் வடிய வழி செய்வது. தார் தை மாதம் வந்தால் போதும்.

முதலில் குளிர் விஷயத்தை முடித்துவிடலாம், அது சின்ன விஷயம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக் குறிப்புப்படி, சாதாரணத் தார் கலவை என்றால் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகும்போதும், பாலிமர் போன்றவை சேர்த்த தார் என்றால் 15 டிகிரிக்குக் கீழே போகும்போதும் வேலையை நிறுத்த வேண்டும். வேலூரில் மார்கழி விடியற்காலையில்கூடப் பெரும்பாலும் 17, 18 டிகிரி இருக்கும். காலை பத்து மணிக்கு மேல் அந்தப் பேச்சே இல்லை. ஆகவே குளிரால் தார் ஒட்டாது என்பது நம் ஊர்ச் சமவெளிக்குப் பொருந்தாது. மார்கழியில் கவனிக்க வேண்டியது பனி ஈரம். இரவெல்லாம் பனி பெய்து காலையில் சாலை நனைந்து கிடக்கும். அது காய்ந்த பிறகுதான் தொடங்க வேண்டும். ஆறு மணிக்கே தார் கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரத்தை இறக்கிவிட்டால், குளிர் கெடுக்காததை ஈரம் கெடுத்துவிடும்.

அதே குறிப்பு வேறு சிலவற்றையும் தடுக்கிறது: சாலையில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது, மழை பெய்யும்போது, மழை வரப்போகும்போது, அடித்தளம் ஈரமாக இருக்கும்போது தார் கலவை போடக் கூடாது. இந்தக் கடைசி இரண்டையும்தான் நம் ஊரில் யாரும் பொருட்படுத்துவதில்லை. மழை நின்று ஒரு மணி நேரத்தில் வெயில் வந்துவிட்டால் மேல்பரப்பு காய்ந்தது போலத் தெரியும். தோண்டிய பள்ளத்தின் மேல் போட்ட ஜல்லி உள்ளே நனைந்தே இருக்கும். நூற்றைம்பது டிகிரிச் சூட்டில் கலவை அதன் மேல் விழும்போது ஈரம் ஆவியாகி மேலே வரும், தார்ப் படலம் ஜல்லியைப் பற்றாது. போட்ட அன்றைக்குக் கறுப்பாகப் பளபளவென்று இருக்கும். இரண்டு வாரத்தில் ஜல்லி தனித்தனியாக உதிர்ந்து ஓரமாகச் சேரும்.

வேலூரின் மழைக் கணக்கு சென்னைக் கணக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் பெருமழை என்பது பெரும்பாலும் அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை. நமக்குத் தென்மேற்குப் பருவத்திலும் நல்ல மழை உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் பகலெல்லாம் வெயில் கொளுத்திவிட்டு மாலையில் இடியோடு கொட்டும். அது ஓய்வதற்குள் வடகிழக்கு வந்துவிடும். அதனால் இங்கே தோண்டி மூடித் தார் போடுவதற்கு நம்பகமான காலம் ஜனவரி முதல் ஜூன் வரைதான், இழுத்தால் ஜூலை பாதி. ஆகஸ்டில் தோண்டத் தொடங்கிய தெருவுக்கு, தொடங்கிய அன்றே காலம் கடந்துவிட்டது.

சரி, பள்ளத்துக்கு வருவோம். இங்கேதான் பணமும் பாவமும் இருக்கிறது. ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம், நூறு மீட்டர் நீளம் தோண்டினால் 200 கன மீட்டர் மண். குழாயைச் சுற்றியும் அதன் மேல் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்துக்கும் கல் இல்லாத மணலோ சலித்த மண்ணோ போட்டுக் கையால் இடித்து இறுக்க வேண்டும். அதற்கு மேல் இருபது சென்டிமீட்டருக்கு மிகாமல் ஒவ்வொரு அடுக்காக மண் போட்டு, தண்ணீர் தெளித்து, இயந்திரத்தால் இடித்து, அடுத்த அடுக்கைப் போட வேண்டும். இரண்டு மீட்டர் பள்ளத்துக்கு ஏறத்தாழ எட்டு, பத்து அடுக்கு. நடப்பது என்ன? ஜேசிபி ஒரே தள்ளில் எல்லா மண்ணையும் உள்ளே தள்ளிவிட்டு, பக்கெட்டால் மேலே நாலு தட்டுத் தட்டி, சக்கரத்தை ஒரு தரம் ஏற்றி இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. மேலே முப்பது சென்டிமீட்டர் இறுகும். கீழே ஒன்றரை மீட்டர் பொலபொலவென்று காற்றும் மண்ணுமாகக் கிடக்கும்.

அப்படிக் கிடக்கும் மண் பத்தில் ஒரு பங்கு அமுங்கினாலே இரண்டு மீட்டர் பள்ளத்தில் இருபது சென்டிமீட்டர் இறக்கம். மழை அந்த வேலையைச் செய்யும். தண்ணீர் உள்ளே போய் மண்ணை உட்கார வைக்கும். மேலே தார் இருந்தால் உட்காருவது உடனே தெரியாது. தாருக்கு அடியில் பொந்து விழும், தார் பாலம் மாதிரி நிற்கும், ஒரு நாள் பால் வண்டியோ தண்ணீர் லாரியோ அதில் சக்கரத்தை இறக்கும். மேன்ஹோல்களைச் சுற்றி இது இன்னும் மோசம். வட்டமான சுவருக்கும் பள்ளத்தின் பக்கத்துக்கும் நடுவில் இடிக்கும் இயந்திரம் நுழையாது, அதனால் அங்கே யாரும் இடிப்பதே இல்லை. புதிதாகத் தார் போட்ட தெருக்களில் மேன்ஹோல் மூடி மட்டும் மேடாக நின்று சுற்றிலும் சாலை இறங்கியிருப்பதற்குக் காரணம் இது. மூடி உயரவில்லை, மண் இறங்கியது.

இன்னொரு சிக்கல் ஈரத்தின் அளவு. மண்ணை இறுக்கத் தண்ணீர் வேண்டும், ஆனால் அளவாக. கொழுக்கட்டை மாவு மாதிரிதான்: தண்ணீர் குறைந்தால் உதிரும், கூடினால் குழகுழவென்று வழுக்கும், நடுவில் ஒரு பதம் இருக்கிறது. மண்ணைக் கையில் அள்ளி இறுகப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். கையில் ஒட்டிச் சப்பையாக விழுந்தால் ஈரம் அதிகம். அந்த மண்ணை எத்தனை தரம் உருட்டினாலும் இறுகாது, ரோலருக்கு முன்னால் அலை மாதிரி எழுந்து பின்னால் அமுங்கும். மழை நனைத்த மண்ணை அப்படியே உள்ளே தள்ளினால் இதுதான் கதி. காய வைத்துப் போட வேண்டும், அல்லது அதை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு கிராவலோ, கல் உடைக்கும் ஆலையின் தூளான கிரஷர் டஸ்ட்டோ கொண்டுவந்து நிரப்ப வேண்டும். செலவு கூடும் என்பதால் ஒப்பந்ததாரர் தானாகச் செய்ய மாட்டார், கேட்டால்தான் நடக்கும்.

உங்கள் தெரு எந்த மண் என்பதும் முக்கியம். சத்துவாச்சாரியில் மலையடிவாரப் பக்கம் கல்லும் சரளையும் கலந்த இறுகிய தரை. தோண்டுவது கடினம், பாறை வந்தால் உடைக்கவே நாட்கள் போகும், ஆனால் அந்தச் சரளையைத் திருப்பிப் போட்டு இடித்தால் நன்றாக இறுகும். பெரிய கல்லை மட்டும் எடுத்துவிட வேண்டும். கல்லும் கல்லும் முட்டிக்கொண்டு நடுவே பொந்து நிற்கும், தவிர அது குழாயையும் உடைக்கும். பாலாற்றுப் பக்கம் மணற்பாங்கு. அங்கே பள்ளத்தின் பக்கச் சுவர் சரியும், பலகை முட்டுக் கொடுக்காமல் ஆள் இறங்கக் கூடாது, ஆனால் மணல் தண்ணீர் விட்டு அதிர்வு கொடுத்தால் சுலபமாக இறுகிவிடும். பழைய ஏரி, குட்டை இருந்த இடங்களில் களிமண் வரும். அதைத் திருப்பிப் போடவே கூடாது. உங்கள் தெருவில் எது என்பதைப் பள்ளத்தின் ஓரத்தில் இன்னும் குவிந்து கிடக்கும் மண்ணைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

இறுகியிருக்கிறதா என்று முறையாகப் பார்ப்பதற்கு மணல் மாற்றுச் சோதனை இருக்கிறது. ஒரு சிறு குழி எடுத்து, எடுத்த மண்ணின் எடையையும் குழியின் கொள்ளளவையும் கண்டு அடர்த்தியைக் கணக்கிடுவது. அரை மணி நேர வேலை, மாநகராட்சிப் பொறியாளர் கேட்டால் ஒப்பந்ததாரர் செய்து காட்ட வேண்டும். நீங்கள் வீட்டிலிருந்தே செய்யக் கூடியது ஒன்று உண்டு. 12 மில்லிமீட்டர் கட்டடக் கம்பி ஒரு மீட்டர் நீளத்தில் எடுத்து, பள்ளம் மூடிய இடத்தில் உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். பக்கத்தில் தோண்டாத இடத்திலும் அதே மாதிரி அழுத்துங்கள். தோண்டாத இடத்தில் விரற்கடை இறங்கி, மூடிய இடத்தில் முழங்கை நீளம் இறங்கினால் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. இது தோராயமான சோதனைதான், இதை வைத்து வழக்குப் போட முடியாது. கம்பி கல்லில் முட்டி நின்றால் இறுகியிருக்கிறது என்றும் பொருள் இல்லை, நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். ஆனால் உதவிப் பொறியாளர் தெருவுக்கு வரும்போது அவர் கண்ணெதிரே கம்பியை இறக்கிக் காட்டினால், பத்துப் பக்க மனுவைவிட அது பேசும்.

ஏற்கெனவே மூடிவிட்ட பள்ளத்தை என்ன செய்வது? முழுவதும் திரும்பத் தோண்டு என்றால் நடக்காது. நடைமுறையில் மேலே 50, 60 சென்டிமீட்டரை எடுத்துவிட்டு, அடியில் உள்ளதைத் தண்ணீர் விட்டு அதிர்வு ரோலரால் உட்கார வைத்து, மேலே கிராவலை இரண்டு அடுக்காக இறுக்கி, அதன் மேல் வெட் மிக்ஸ் என்னும், தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லிக் கலவையைப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் போடுவது சரியான சமரசம். ஓரத்தில் பழைய தார் பிய்ந்து தொங்கிக்கொண்டிருக்கும். அதன் அடியில் மண் சரிந்திருப்பதால், பள்ளத்தின் இரண்டு பக்கமும் ஒரு சாண் அளவுக்குப் பழைய தாரையும் நேராக வெட்டி எடுத்துவிட வேண்டும். அந்த ஓரத்தை விட்டுவைத்தால் பின்னால் விரிசல் சரியாக அந்தக் கோட்டில்தான் வரும்.

இப்படிப் போட்ட ஜல்லிப் பரப்பு நடுவில் சற்று உயர்ந்தும் ஓரத்தில் தாழ்ந்தும் இருக்க வேண்டும். ஐந்து மீட்டர் தெருவுக்கு நடு உயரம் ஆறு, ஏழு சென்டிமீட்டர். பள்ளத்தின் மேல் மட்டும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக விட்டால் மழையில் இறங்குவதற்கு இடம் கொடுத்தது போல ஆகும். இதில் ஒரு நேர்மையான குறையைச் சொல்லிவிட வேண்டும்: வெட் மிக்ஸின் மேல் தார் இல்லாமல் வண்டி ஓட விடுவது முறைப்படி சரியில்லை. டயர்கள் தூசியைக் கிளப்பிவிட்டு ஜல்லியை வெளியே இழுக்கும். மூன்று மாதம் அப்படி ஓட வேண்டும் என்றால் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஒரு லோடு கலவை கொண்டுவந்து இறங்கிய இடத்தை நிரப்பி உருட்ட வேண்டும், காய்ந்த நாட்களில் தண்ணீர் லாரி காலை மாலை தெளிக்க வேண்டும். இதை மனுவில் எழுதுங்கள். தெருவில் ஆஸ்துமா உள்ளவர்கள், சின்னக் குழந்தைகள் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். மூன்று மாதப் புழுதி பெரிய தொல்லைதான், ஆனால் மழை மண்ணை உட்கார வைக்கும் அந்த மூன்று மாதம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் இறுக்கம்.

"அப்போ சிமென்ட் ரோடாவே போட்டுடுங்களேன்" என்று யாராவது சொல்வார்கள். இறுகாத பள்ளத்தின் மேல் கான்கிரீட் போட்டால் அது இறங்காது, வெடிக்கும். தவிர, தார் உருட்டி ஆறியவுடன் வண்டி விடலாம், கான்கிரீட்டுக்கு இரண்டு வாரமாவது தண்ணீர் கட்டிக் காக்க வேண்டும், கனரக வண்டிக்கு 28 நாள். அத்தனை நாள் தெரு மூடிக் கிடக்கும். மூன்று நான்கு மீட்டர் அகலச் சந்துகளுக்கு பேவர் பிளாக் நல்லது. இறங்கினால் பெயர்த்து, மணல் பரப்பி, அதே கல்லைத் திரும்ப அடுக்கலாம். இரண்டு ஓரமும் கான்கிரீட் கட்டை வைத்துப் பிடித்திருந்தால் மட்டுமே நிற்கும், இல்லையென்றால் கல்லெல்லாம் சாக்கடைப் பக்கம் நகர்ந்துவிடும். (2022-ல் நின்றிருந்த பைக்கை நகர்த்தாமல் அதன் சக்கரத்தோடு சேர்த்து சிமென்ட் சாலை போட்ட படம் நாடு முழுக்கச் சுற்றியதே, அது நம் வேலூர்தான். ஆகவே எந்தப் பொருளில் போடுகிறார்கள் என்பதைவிட யார் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள் என்பது முக்கியம்.)

தை பிறந்து தார் போட வரும்போது பார்க்க வேண்டியவை. முதலில், பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுகிறார்களா என்று பாருங்கள். மட்டம் உயராமல் இருக்கப் பழைய பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலராக இருந்த இறையன்பு எழுத்து மூலம் அறிவுறுத்தினார். அதைச் சொல்லிக் கேட்கலாம். உங்கள் வாசற்படியின் உயரத்தை இப்போதே அளந்து படம் எடுத்து வையுங்கள். அடுத்து, பரப்பைக் கூட்டிச் சுத்தம் செய்த பிறகு எமல்ஷன், அதாவது நீரில் கலந்த தார்க் குழம்பு, தெளிப்பார்கள். பழைய தாரின் மேல் சதுர மீட்டருக்குக் கால் கிலோ அளவு, புதிய ஜல்லிப் பரப்பின் மேல் அதைவிட மூன்று மடங்குக்கு மேல், அதுவும் வேறு வகை எமல்ஷன். தெளித்தவுடன் காபித்தூள் நிறத்தில் இருக்கும். நீர் பிரிந்து கறுப்பான பிறகுதான் கலவையைக் கொட்ட வேண்டும். பழுப்பாக இருக்கும்போதே கொட்டினால் அந்த அடுக்கு அடியில் ஒட்டாமல், பிரேக் அடிக்கும் இடங்களில் பாய் சுருண்டது போலச் சுருங்கும்.

கலவை ஆலையிலிருந்து தார்ப்பாய் போர்த்தி வர வேண்டும். நம் சாலைகளில் பெரும்பாலும் போடப்படும் விஜி 30 என்னும் வகைத் தார் என்றால் ஆலையில் 150 முதல் 165 டிகிரி, கொட்டிப் பரப்பும்போது குறைந்தது 140, உருட்டி முடிக்கும்போது 90-க்குக் கீழே போயிருக்கக் கூடாது. தெர்மாமீட்டர் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்ச் சாமான், மேற்பார்வையாளரிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணால் பாருங்கள்: நீலப் புகை எழுந்தால் சூடு மீறிப்போய்த் தார் கருகியிருக்கிறது, பளபளப்பில்லாமல் கட்டி கட்டியாக விழுந்தால் ஆறிவிட்டது. மெல்லிய அடுக்கு மிக வேகமாக ஆறும். மூன்று சென்டிமீட்டர் அடுக்குக்கு ரோலர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வர வேண்டும், டீ குடித்துவிட்டு வரும் வழக்கம் ஆகாது.

பருமனைச் சரிபார்க்க ஒரு எளிய கணக்கு. ஐந்து மீட்டர் அகலம், நூறு மீட்டர் நீளம், மூன்று சென்டிமீட்டர் கனம் என்றால் 15 கன மீட்டர். இறுகிய தார் கலவை கன மீட்டருக்கு இரண்டே கால் டன்னுக்குச் சற்று மேல் இருக்கும். ஆக ஏறத்தாழ 35 டன், பத்து டன் டிப்பர் என்றால் மூன்றரை லோடு. உங்கள் தெருவுக்கு இரண்டே லோடு வந்து வேலை முடிந்துவிட்டால், கனம் எங்கே போனது என்று கேட்க வேறு சான்று தேவையில்லை. ஒவ்வொரு லோடுக்கும் எடைச்சீட்டு உண்டு, அதைக் கேட்டுப் பாருங்கள்.

இனிப் போக்குவரத்து. சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்குப் போகிறவர் தேசிய நெடுஞ்சாலை 48-ஐ ஒட்டி வந்து, கிரீன் சர்க்கிளையும் புதிய பேருந்து நிலையத்தையும் தாண்டி, பாலாற்றைக் கடந்து, விருதம்பட்டு, சித்தூர் பேருந்து நிலையம் என்று போக வேண்டும். ஆற்றுக்கும் ரயில் பாதைக்கும் பாலத்தை நம்பியிருக்கும் வழி இது, சந்துபொந்து வழி என்று அதிகம் கிடையாது. 2022 ஜூனில் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தை இணைப்புகளைப் பழுது பார்க்க மூடியபோது ஊரே திணறியது நினைவிருக்கும். இப்படிப்பட்ட வழியில் ஓர் இடத்தில் பாதிச் சாலையை அடைத்தால், அடைத்த இடத்தின் நீளம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, அகலம்கூட அடுத்ததுதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரே தடத்தில் இரு பக்க வண்டியையும் மாற்றி மாற்றி விடுகிறார்கள், பக்கத்துக்கு ஒரு நிமிடம். கடைசி வண்டி அந்தத் தடத்தைக் கடந்த பிறகுதான் எதிர்ப்பக்கத்தைத் திறக்க முடியும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 100 மீட்டரைக் கடக்க 18 நொடி. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 156 நொடிச் சுற்றில் 36 நொடி வீண். அடைப்பு 300 மீட்டர் என்றால் கடக்க 54 நொடி, 228 நொடிச் சுற்றில் 108 நொடி வீண். அதாவது ஏறக்குறைய பாதி நேரம் யாருமே போகாமல் சாலை சும்மா கிடக்கிறது. இது கொடி பிடிக்க ஆள் இருந்தால். ஆள் இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஷேர் ஆட்டோ முதலில் நுழைந்து, நடுவில் முட்டிக்கொண்டு, பேருந்தைப் பின்னால் எடுக்கச் சொல்லும் கூத்துதான். ஆகவே காட்பாடிச் சாலை போன்ற இடங்களுக்கு நியாயமான கோரிக்கை: ஒரே நேரத்தில் நூறு மீட்டருக்கு மேல் திறக்காதே, திறந்ததை மூடிவிட்டு அடுத்த நூறு மீட்டருக்குப் போ, தோண்டிய மண்ணைச் சாலையில் குவிக்காமல் அன்றன்றே அகற்று, இரு முனையிலும் கொடியோடு ஆள் நிறுத்து. பேருந்தின் அகலம் இரண்டரை மீட்டர். தடுப்புக்கும் எதிர்ப்பக்கக் கடைக்கும் நடுவில் மூன்றரை மீட்டர் தெளிவாக இருந்தால் ஓடும். அந்த மூன்றரை மீட்டரில் ஒரு பைக்கை நிறுத்தினால் போயிற்று. சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் ஆம்புலன்ஸ் போகும் சாலைகளில் இதைக் காவல்துறையே பார்த்துக்கொள்ள வேண்டும், ஒப்பந்ததாரரின் ஆளுக்கு அங்கே வண்டியை எடுக்கச் சொல்லும் அதிகாரம் கிடையாது.

மழைக்கு முன்னால்தான் தோண்டுவார்களா என்று ஒரு கோபம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. திட்டமிட்ட சதி ஒன்றும் இல்லை. ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கி, மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றாக நகர்ந்து வேலை உத்தரவு கைக்கு வரும்போது ஆடி முடிந்திருக்கும். தேர்தல் ஆண்டென்றால் நடத்தை விதியால் இன்னும் இரண்டு மாதம் தள்ளும். அதற்குப் பிறகு சாக்கடைக்காரர் தோண்டி மூடியதும் குடிநீர்க்காரர் வருவார், அவர் போனதும் கேபிள்காரர். இவர்களில் யார் இன்னும் உங்கள் தெருவுக்கு வரவேண்டியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் தாரை இப்போது அவசரப்படுத்தாததற்கு இன்னொரு காரணம். வீட்டுச் சாக்கடை இணைப்புகள் முடியாத தெருவில் தார் போட்டால், அடுத்த மாதமே வீட்டுக்கு ஒரு குறுக்கு வெட்டு விழும். உங்கள் வீட்டு முன் இணைப்புத் தொட்டி கட்டி, குழாயில் தண்ணீர் விட்டு ஓட்டம் பார்த்துவிட்டார்களா என்பதை இப்போதே உறுதி செய்யுங்கள்.

யாரிடம் போவது என்பது சாலை யாருடையது என்பதைப் பொறுத்தது. தெருக்கள் மாநகராட்சியுடையவை: மண்டல உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாள். மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளில் உள்ள பள்ளங்களுக்கு 'நம்ம சாலை' செயலி, தேசிய நெடுஞ்சாலைக்கு 1033 என்ற உதவி எண். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மூன்றே விஷயம் கேளுங்கள்: வேலை உத்தரவின் நகல், செய்த வேலையை அளந்து பணத்துக்காக எழுதி வைக்கும் அளவுப் புத்தகத்தில் உங்கள் தெருவுக்குரிய பக்கங்கள், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (பழுது வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) எந்தத் தேதிவரை என்பது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். அளவுப் புத்தகத்தில் மண் நிரப்பியதற்கும் இறுக்கியதற்கும் பணம் எழுதியிருந்தால், கம்பி முழங்கை நீளம் இறங்கிய படம் அப்போது பயன்படும்.

மழை இந்த வாரமே வந்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான் மிச்சம். தண்ணீர் நிறைந்தால் பள்ளமும் சாலையும் ஒரே மட்டமாகத் தெரியும். மூடாத மேன்ஹோல், இறங்கிய இடம் எதுவாக இருந்தாலும் அதைச் சுற்றித் தடுப்பும், இரவில் ஒளிரும் நாடாவும் வைப்பது ஒப்பந்ததாரரின் கடமை. அவர் வரும்வரை காத்திருக்காமல் ஒரு டிரம்மில் பாதி மண் நிரப்பி, மேலே சிவப்புத் துணி கட்டி நிறுத்துங்கள். காலி டிரம் வேண்டாம், ஓடும் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். கல்லைக் குவித்து வைக்க வேண்டாம், இருட்டில் பைக்கில் வருகிறவருக்குப் பள்ளத்தைவிட அந்தக் கல்தான் முதலில் ஆபத்து.